உள்ளே போவது யார்?

தோழா!

ஆலைகள் சூழ்ந்த ஓர் ஊரில் பொதுக்கூட்டம். பேசி முடித்து, கூட்டம் கலைந்த பிறகு, மேடைக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். ஐம்பதைத் தாண்டிய தோழர் ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். தோளிலே கழகக் கரைத் துண்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நெருப்புச் சுட்ட தழும்பு. கொதிகலன் பழுது பார்க்கும் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே வாயில், அதே கொதிகலன், அதே வேலை. ஆனால் ஆள் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒப்பந்தக்காரர்தான் ஐந்தாறு முறை மாறியிருக்கிறார்!

"தம்பி! அறிவியல் வளரணும், மிஷின் வரணும்னு பேசுனீங்க. நானும் கை தட்டுனேன். பாதி வழி போனதும் ஒரு யோசனை வந்துச்சு, திரும்பி வந்துட்டேன். பாய்லருக்குள்ள பறந்து போய்ப் பாக்குற மிஷின் வந்திருக்காமே! எங்க என்ஜினீயர் செல்போன்ல படம் காட்டுனாரு. அது வந்துட்டா நான் எங்க போறது?"

"அண்ணே, உள்ளே போவதற்கு உங்களுக்கு அச்சமாக இல்லையா?" என்றேன்.

சிரித்தார். "உள்ள போறப்ப பயந்தான். ஆனா, இனிமே உள்ள போக வேணாம்னு சொல்லிட்டா, அது அதைவிடப் பெரிய பயமால்ல இருக்கு!"

தேநீர் ஆறிற்று. ஒரு மணி நேரம் ஒலிபெருக்கிக்கு முன்னால் முழங்கியவனுக்கு, அந்த ஒரு கேள்விக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. கேட்டறிந்து வந்து சொல்கிறேன் என்று கூறிப் பிரிந்தேன். கேட்டறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் போகும் இடம் எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அனல்மின் நிலையத்துக் கொதிகலன் பல மாடிக் கட்டடத்தின் உயரம் உடையது. அதன் சுவர்கள் செங்கல்லால் ஆனவை அல்ல. ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் எஃகுக் குழாய்களே சுவர்கள். குழாய்க்குள் தண்ணீர், நடுவிலே ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல் எரியும் நெருப்பு. தண்ணீர் நீராவியாகி, 540 பாகை வரை சூடேறி, சுழலியைச் சுற்ற, மின்சாரம் பிறக்கிறது. நம் வீட்டு விளக்கு எரிகிறது, முதலாளியின் குளிர்சாதனமும் ஓடுகிறது.

அந்தக் குழாய்கள் தேயும். பறக்கும் சாம்பல் உப்புத்தாள் போல் உராய்ந்து உராய்ந்து தேய்க்கும். துரு ஒரு பக்கம் அரிக்கும். மெலிந்த குழாய் ஒரு நாள் அழுத்தம் தாங்காமல் பிளக்கும். ஆகவே அவ்வப்போது அலகை நிறுத்தி, ஆறவைத்து, ஆளை உள்ளே அனுப்பிப் பார்க்கிறார்கள். மேன்ஹோல் வழியாகக் குனிந்து, தவழ்ந்து போகிறான் மனிதன். உள்ளே கும்மிருட்டு. அடியிலிருந்து முடி வரை சாரம் கட்டியிருக்கிறார்கள். சாரத்தில் ஏறி, ஒவ்வொரு குழாயாகத் தேய்த்து, பசை தடவி, ஒலியலைக் கருவியை வைத்து, பருமன் இத்தனை மில்லிமீட்டர் என்று படிக்கிறான். ஒரு குழாய், பத்துக் குழாய், நூறு குழாய்! தலைக்கு மேலே பாறை போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் கட்டி எப்போது கழன்று விழும் என்பது அந்தக் கட்டிக்கே தெரியாது. காலுக்குக் கீழே சாம்பல் மேடு. மேற்புறம் குளிர்ந்து கிடக்கும், உட்புறம் கனன்றுகொண்டிருக்கும். சாரம் சரிந்தாலும் சாவு, காற்றுக் கெட்டாலும் சாவு. பார்க்கத்தான் போகிறான், தோழா! பழுது நீக்குவது அப்புறம். எங்கே பழுது என்று பார்ப்பதற்கே இத்தனை பாடு.

இந்தப் பார்க்கும் வேலையைத்தான் இப்போது பொறிகள் செய்யத் தொடங்கியுள்ளன. கூண்டுக்குள் கிளியை வைப்பது உண்டு. இங்கே கூண்டோடு பறக்கிறது கிளி! சுவிட்சர்லாந்தின் ஃபிளையபிலிட்டி என்ற நிறுவனம் செய்த டிரோன் அது. சுற்றிலும் கரியிழைக் கூண்டு. சுவரில் முட்டினாலும் விழாது. உருண்டு திரும்பி மீண்டும் பறக்கும். விளக்கும் ஒளிப்படக் கருவியும் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. மேன்ஹோலுக்கு வெளியே நின்று, கையிலே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு குச்சிகளை அசைத்து ஓட்டுகிறார் ஒருவர். உள்ளே இருப்பது அனைத்தும் அவர் கையிலுள்ள திரையில் தெரிகிறது. சாரமும் தேவையில்லை, கயிறும் தேவையில்லை.

பறப்பது ஒன்று என்றால், பல்லி போல் ஊர்வது இன்னொன்று. காந்தச் சக்கரம் பூட்டிய சிறு வண்டி, எஃகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஏறும். ஏறும்போதே பருமனை அளந்துகொண்டு போகும். எண்ணெய்க் குழாய்க்குள் விட்டால் எண்ணெயின் வேகத்திலேயே பல கல் தொலைவு போய், துரு எங்கே, பிளவு எங்கே என்று குறித்துக்கொண்டு மறுமுனையில் வெளிவரும் கருவி நெடுங்காலமாகவே உண்டு. அதற்கு 'பிக்', அதாவது பன்றி, என்று பெயர் வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். கடலடியில் நீந்திப் போய்த் துறைமுகத் தூண்களையும் குழாய்களையும் பார்க்கும் பொறிகளை, சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த பிளானிஸ் என்ற நிறுவனம் செய்கிறது. நம் இளைஞர்கள் செய்தது! ஆளில்லா வானூர்திகளுக்கென்றே 2022-ல் ஒரு கழகத்தைத் தமிழ்நாடு அரசு நிறுவியது. ஆகவே, இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் விந்தை, நமக்கு எட்டாக்கனி என்று எவரேனும் சொன்னால் நம்பாதே.

உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, பொறிக்கும் குறை உண்டு. ஒருமுறை மின்னேற்றினால் பத்து நிமிடம் போலத்தான் பறக்கும். தூசு கிளம்பினால் கண் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் பிளவைக் காட்டுமே தவிர, மேலே பளபளத்து உள்ளே மெலிந்திருக்கும் குழாயைத் தொட்டு அளந்தால்தான் தெரியும். வெல்டிங் வைக்க மனிதன்தான் உள்ளே போயாக வேண்டும். ஆனால் நூறு தடவை போகிற இடத்தில் பத்துத் தடவை போனால் போதும் என்று ஆகிறது. எங்கே சாம்பல் கட்டி தொங்குகிறது, எங்கே சாரத்துக்கு இடம் இல்லை என்று தெரிந்துகொண்டு போகலாம். தொண்ணூறு தடவை மரணத்தின் வாயிலிருந்து ஒருவன் விலகி நிற்பது சிறு செய்தியா?

இயந்திரத்தைக் கண்டு மிரளும் மரபு நம்முடையது அன்று. 'இனி வரும் உலகம்' எழுதியவர் தந்தை பெரியார். இயந்திரம் பெருகும், மனிதனின் உடலுழைப்புக் குறையும் என்பதைக் கண்டு அவர் கலங்கவில்லை, களித்தார். ஆகவே பொறி வேண்டுமா வேண்டாமா என்பது நமக்குள் வழக்கே அல்ல. நம் கேள்வி வேறு: இத்தனை நல்ல பொறி இருக்கும்போது, இன்னும் ஏன் மனிதன் உள்ளே போகிறான்?

இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன் சப்பான் நாட்டுக்கு ஒருமுறை போய் வருவோம்.

2011 மார்ச் 11. நிலம் நடுங்கிற்று, கடல் பொங்கிற்று, புகுசிமா அணுமின் நிலையத்தில் உலைகள் உருகின. அடுத்த மாதமே, ஏப்ரலில், அமெரிக்கப் பொறிகள் அந்தக் கட்டடத்துக்குள் உருண்டு நுழைந்தன. அதன்பின் எத்தனை எத்தனை பொறிகள்! ஊரும் பொறி, நீந்தும் பொறி, பறக்கும் பொறி! சில உள்ளேயே செத்தன. கதிர்வீச்சு பொறியையும் விட்டுவைக்கவில்லை. மீண்டும் புதிதாகச் செய்து அனுப்பினார்கள். பதின்மூன்று ஆண்டு முயன்று, 2024 நவம்பரில், நீண்ட எந்திரக் கை ஒன்றை விட்டு, உருகிய எரிபொருளில் ஒரு கிராம்கூடத் தேறாத ஒரு துணுக்கை வெளியே எடுத்தார்கள். உள்ளே கிடப்பது 880 டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு கிராமுக்கும் குறைவு, பதின்மூன்று ஆண்டு, கொட்டிய பணத்துக்கோ அளவில்லை. அப்போதும் எவரும், "ஏன் இந்த வீண்செலவு? நாலு ஆளை உள்ளே அனுப்பு" என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? அங்கே உள்ளே போனால் எல்லோரும் சாவார்கள். ஆகவே பொறியை அனுப்பினார்கள். நம் கொதிகலனில் உள்ளே போனால் எல்லோரும் சாவதில்லை, சிலர்தான் சாவார்கள்; ஆகவே ஒப்பந்தத் தொழிலாளியை அனுப்புகிறார்கள்!

கடுமையான சொல் என்கிறாயா? கணக்கைப் பார்ப்போம். 210 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாள் நின்றால், உற்பத்தியாகாமல் போகும் மின்சாரம் 50 லட்சம் யூனிட். சாரம் கட்ட நாலு நாள், பிரிக்க இரண்டு நாள் என்றால், அத்தனை நாளும் இழப்பு. அந்த இழப்பைக் குறைக்க டிரோன் உதவும் என்று கண்டுகொண்ட பெரிய ஆலைகள் அதை வாங்குகின்றன. வாங்கட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் எதற்காக வாங்கினார்கள்? நாள் மிச்சமாகும் என்பதற்காக. ஆள் மிச்சமாவது இனாம்! பக்கத்திலேயே சாயப்பட்டறை இருக்கிறது, அரிசி ஆலை இருக்கிறது, தோல் பதனிடும் ஆலை இருக்கிறது. அங்கேயும் கொதிகலன் உண்டு, தொட்டி உண்டு. அங்கே ஒரு நாள் நின்றால் போவது சில ஆயிரம். பொறியின் விலையோ பல லட்சம். வாயிலில் வந்து நிற்கும் ஆளின் கூலியோ சில நூறு. எந்த முதலாளி பொறியை வாங்குவான்? இரண்டு ஆலையிலும் கணக்குப் புத்தகம் உண்டு. இரண்டிலும் உயிருக்கென்று ஒரு பத்தி இல்லை. மனிதன் மலிவாகக் கிடைக்கிற வரையில் பொறி கண்காட்சியிலேயே பறந்துகொண்டிருக்கும். 2017 சனவரியில் எண்ணூர்க் கடலில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அறிவியல் ஓங்கிய இந்த நாட்டில் வாளியால் அல்லவா அள்ளினார்கள்! வாளியும் மலிவு, அள்ளிய கையும் மலிவு.

இப்போது நெய்வேலிக்கு வா.

1956-ல் பிறந்த நிறுவனம் அது. தமிழன் நிலம் தந்தான், வியர்வை தந்தான், நிலக்கரி தென்னாட்டுக்கே ஒளி தந்தது. ஆட்சி தில்லியின் கையில். அங்கே இரண்டாம் அனல்மின் நிலையத்தில், 2020 மே 7 அன்று, ஆறாவது அலகின் கொதிகலனில் வெடிப்பு. எட்டுப் பேர் கருகினர். அவர்களில் ஐவர் மருத்துவமனையில் மடிந்தனர். அழுதோம். விசாரணை என்றார்கள். சரியாக 55 நாள் கழிந்தது. ஜூலை 1 காலை. அதே நிலையம், அடுத்த அலகு, ஐந்தாவது. மீண்டும் வெடிப்பு! அன்றே ஆறு பேர் பிணம். காயத்தோடு கொண்டுபோனவர்களில் மேலும் பலர் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். மாண்டவர்களில் மிகப் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

இங்கேதான், பொறியைப் பற்றிப் பேசும் அறிஞர்கள் சொல்லாமல் விடும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நெய்வேலியில் மே மாதம் நடந்ததைவிடப் பெரிய எச்சரிக்கையை எந்த டிரோன் படம் பிடித்துக் கொடுத்துவிட முடியும்? ஐந்து உயிரின் சாட்சியம் கையில் இருந்தது. கண் இல்லாமல் நேர்ந்ததா ஜூலை மாதத்துச் சாவு?

உத்தரப்பிரதேசத்து உஞ்சாகாரையும் எண்ணிப் பார். அதுவும் தில்லியின் நிலையம். 2017 நவம்பர் 1. 500 மெகாவாட் அலகு. கொதிகலனின் அடியில் சாம்பல் அடைத்துக்கொண்டது. அலகை நிறுத்தாமலேயே அடைப்பை நீக்கும் வேலை நடந்தது என்று அன்று செய்திகள் வந்தன. வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாம்பல் அடைத்திருப்பதைக் காண அங்கே பறக்கும் பொறி தேவைப்பட்டதா? எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிறுத்து என்று சொல்லும் வாய்தான் இல்லை.

ஆகவே, தோழா, கண் மட்டும் போதாது. கண்டதைச் சொன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தும் உரிமை கண்டவனுக்கு வேண்டும். இன்று டிரோன் எடுத்த படம் யாரிடம் போகிறது? ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்திடமிருந்து மேலதிகாரியின் கணினிக்கு. உள்ளே போகப்போகிற தொழிலாளிக்கு அந்தப் படத்தைக் காட்டுகிறார்களா? "மேலே சாம்பல் கட்டி தொங்குகிறது, இந்தப் பக்கம் போகாதே" என்று சொல்வதற்காகவாவது காட்ட வேண்டாமா? குழாயின் பருமன் குறைந்துவிட்டது என்று தெரிந்தும், மாத உற்பத்தி இலக்கு முடியட்டும் என்று தள்ளிவைக்கும் அதிகாரி ஒருவர் இருந்தால், அந்தப் படம் உயிரைக் காக்கும் ஆவணமாக இராது, விபத்துக்குப் பிறகு மறைக்க வேண்டிய ஆவணமாகிவிடும்.

இது கொதிகலனுக்குள் போகிறவனை மட்டும் பற்றிய செய்தியும் அன்று. 2015 சனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டையில் தோல் கழிவு நிலையத்துச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து வயிற்றுப்பாட்டுக்காக வந்தவர்கள். அவர்கள் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கவில்லை. தொட்டியே அவர்கள் மேல் இறங்கிற்று. 2023 டிசம்பர் 26 இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் ஓடினர். சுவரில் விழும் விரிசலைப் பறந்து பார்க்கும் பொறி இருக்கிறது. கடலடிக் குழாயை நீந்திப் பார்க்கும் பொறி இதே சென்னையில் பிறக்கிறது. பார், பார்த்ததை ஊராரிடம் சொல் என்று கட்டளையிடும் சட்டம்தான் வேண்டும்.

சட்டம் என்றதும் தில்லியின் திருப்பணியையும் சொல்லிவிடுகிறேன். போபால் நச்சுக்காற்று 1984-ல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான தொழில் நடக்கும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும், தொழிலாளரும் நிர்வாகமும் சரிபாதியாக அமரும் பாதுகாப்புக் குழு அமைத்தே தீர வேண்டும் என்றது 41-ஜி பிரிவு. மின் உற்பத்தியும் அந்தப் பட்டியலில் இருந்தது. இப்போது அந்தச் சட்டத்தையே விழுங்கிவிட்டு, 2020-ல் இயற்றிய புதிய தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பாதுகாப்புக் குழு அதிலே என்ன ஆயிற்று? அரசு ஆணையிட்டு அமைக்கச் சொல்லலாம் என்று ஆயிற்று! 'வேண்டும்' என்பது 'லாம்' ஆயிற்று. இரண்டெழுத்துத்தான், தோழா! அந்த இரண்டெழுத்துக்குள் எத்தனை பேரின் மூச்சு அடங்கியிருக்கிறது என்பதைக் கொதிகலனுக்குள் போனவனைக் கேள். 1923-ம் ஆண்டின் கொதிகலன் சட்டத்தையும் 2025-ல் மாற்றிப் புதிதாக்கினார்கள். புதிதாக்கியவர்கள், முதலில் உள்ளே போவது பொறி, மனிதன் பிறகு என்று ஒரு வரி எழுதியிருக்கலாகாதா?

எழுதினால் நடக்குமா என்று கேட்பாய். மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளக் கூடாது என்று 1993-ல் ஒரு சட்டம், சாக்கடைக் குழியிலும் இறங்கக் கூடாது என்று 2013-ல் இன்னொரு சட்டம். இறங்கிச் செத்தால் 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-லும், 30 லட்சம் தர வேண்டும் என்று 2023-லும் சொன்னது உச்சநீதிமன்றம். இன்றும் இறங்குகிறார்கள், சாகிறார்கள். அந்த வெட்கம் நமக்கும் உரியது. ஆயினும், மனிதன் இறங்கக் கூடாது என்று சட்டம் சொன்ன இடத்தில்தான் பொறிக்கு வேலை பிறந்தது. 2015-ல் கோழிக்கோட்டில் குழிக்குள் இறங்கிய இருவரும், காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் மாண்டனர். அந்தச் சாவு கேரளத்துப் பொறியியல் மாணவர்களின் மனத்தைத் தைத்தது. அவர்கள் செய்த பொறி 2018-ல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு இறங்கியது. பெயர் பேண்டிகூட், அதாவது பெருச்சாளி. 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லை ஆங்கிலேயன் கடன் வாங்கிக் கொண்டுபோய், நமக்கே திருப்பித் தந்த பெயர்! பந்தி என்றால் பன்றி. எண்ணெய்க் குழாயில் ஒரு பன்றி, சாக்கடைக் குழியில் ஒரு பன்றி எலி, நல்ல பொருத்தம்தான். கும்பகோணத்துக்கும் கோவைக்கும் அது வந்தது.

பொறியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அந்தப் பொறியை இயக்கப் பழக்கியது யாரை? குழியில் இறங்கிக்கொண்டிருந்த அதே தொழிலாளர்களை! நேற்று வரை கழுத்தளவு கழிவில் நின்றவர், இன்று திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறார்.

இதை எங்கோ பார்த்தது போல் இருக்கிறதா? பார்த்திருக்கிறோம். மனிதனை மனிதன் வைத்து இழுத்த கைரிக்ஷா சென்னைத் தெருக்களில் ஓடிய நாள் உண்டு. 1973-ல் கலைஞர் அரசு அதை ஒழித்தது. ஒழித்து, இழுத்தவர்களை நடுத்தெருவில் விட்டதா? இல்லை. கைரிக்ஷாவை வாங்கிக்கொண்டு, அதே தோழரின் கையில் சைக்கிள் ரிக்ஷாவை இலவசமாகக் கொடுத்தது. சைக்கிள் ரிக்ஷா அன்றைக்கு ஒன்றும் புது அதிசயம் அல்ல. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் அரசியல் இருந்தது. வேறு ஆட்சி என்றால், பெரும்புள்ளி ஒருவருக்கு ஆயிரம் வண்டிக்கு உரிமம் போயிருக்கும்; இழுத்தவன் மூட்டை தூக்கப் போயிருப்பான்.

கொதிகலனிலும் அந்த வழக்குத்தான். டிரோன் வருகிறது. அதை ஓட்டுவதற்கு, வெளியூரிலிருந்து இன்னொரு ஒப்பந்த நிறுவனம், கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் இருவரை அனுப்பி வைக்கும். இருபத்திரண்டு ஆண்டு உள்ளே போனவருக்கு, நாளை முதல் வர வேண்டாம் என்று வாயிலில் சொல்வார்கள். பொறி உயிரைக் காப்பாற்றும், சோற்றைப் பறிக்கும். அப்படி நடந்தால், தொழிலாளி பொறியை வெறுப்பான், பொறி வராதபடி பார்த்துக்கொள்வான், மீண்டும் உள்ளே போவான், சாவான். முதலாளி சொல்வான்: "பார்த்தீர்களா, இவர்கள் முன்னேற்றத்துக்குப் பகைவர்கள்!"

இதைத் தடுப்பது தொழிற்சங்கத்தின் வேலை. தொழிற்சங்கம் என்று நான் சொல்வது நம் சங்கத்தையும் சேர்த்துத்தான். போனசுக்கு வாயிற்கூட்டம் போடுகிறோம், வேண்டியதுதான். ஷட்டவுன் தொடங்குமுன், உள்ளே முதலில் போவது பொறியா ஆளா என்று கேட்டு எத்தனை வாயிற்கூட்டம் போட்டோம்? நிரந்தரத் தொழிலாளிதான் சங்கத்தில் இருக்கிறான். உள்ளே போகிற ஒப்பந்தத் தொழிலாளி பல இடங்களில் சங்கத்துக்கும் வெளியே நிற்கிறான். இதையும் சொல்லாமல் முதலாளியை மட்டும் திட்டிவிட்டுப் போவது நேர்மை ஆகாது.

ஷட்டவுனுக்குத் தேதி குறித்தவுடன் நம் தோழர்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இது. டிரோனோ, ஊரும் பொறியோ உள்ளே போய்ப் படம் எடுத்து, அந்தப் படத்தை உள்ளே போகிறவர்கள் பார்த்த பிறகே பர்மிட் எழுத வேண்டும். குழாயின் பருமன் குறித்த பதிவேட்டின் ஒரு படி பாதுகாப்புக் குழுவுக்கு வர வேண்டும்; குழு இல்லையென்றால் சங்கத்துக்கு வர வேண்டும். பொறியை இயக்கும் வேலைக்கு, முதலில் பழக்க வேண்டியது உள்ளே போய்க்கொண்டிருந்தவர்களை. பழகியவர்களை நிரந்தரம் ஆக்க வேண்டும். சிறு ஆலைகள் தனித்தனியே வாங்க முடியாது என்றால், தொழிற்பேட்டைக்கு ஒன்றாக அரசு வாங்கி வாடகைக்கு விடட்டும். உழவனுக்கு டிராக்டரை வாடகைக்குத் தரும் அரசுக்கு இது இயலாத காரியமா? எந்தக் கட்சி கோட்டையில் அமர்ந்தாலும் இதைக் கேட்போம்.

இத்தனையும் தெரிந்துகொண்டு, மறுபடி அந்த ஊருக்குப் போனேன். அதே தேநீர்க் கடை. அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கைரிக்ஷா கதையைக் கேட்டதும் தலையசைத்தார். அவருடைய சித்தப்பா பட்டணத்தில் ரிக்ஷா ஓட்டியவராம். பிறகு காப்புக் காய்த்த தன் கையை விரித்துப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு அந்தச் சின்னக் குச்சி பிடிபடுமா தம்பி? காலேஜ் படிச்ச பிள்ளைங்க செய்யிற வேலை."

"அண்ணே, உங்கள் கொதிகலனில் எந்தக் குழாய் முதலில் தேயும்?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எந்தப் பக்கத்துச் சுவர், எந்த வளைவு, எத்தனையாவது வரிசை, மழைக்காலத்து ஈர நிலக்கரி வந்தால் எந்த மூலையில் சாம்பல் கட்டும் என்று, தேநீர்க் குவளையையே கொதிகலனாக வைத்து விரலால் காட்டினார். பறக்கும் பொறிக்கு இருப்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பது பொறிக்கும் தெரியாது, அதை ஓட்ட வரும் இளைஞனுக்கும் தெரியாது, இவருக்குத்தான் தெரியும். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த மாதம் சங்கக் கூட்டத்தில் பொறி பழகுகிறவர்களின் பட்டியல் கொடுக்கப் போகிறீர்களாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"முதல் பேரா என் பேரை எழுதச் சொல்லுங்க" என்றார்.